ஒரே கூரையின் கீழ் ஒரு தெரு: ஓர் ஆசாரியின் திறந்த மடல்

கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் அக்ரகாரங்களில் வீடு வைத்திருக்கும் பெரியவர்களுக்கும், பாலக்காட்டு நகராட்சி உறுப்பினர்களுக்கும், கேரள அரசில் பாரம்பரியக் கட்டடங்களின் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மர ஆசாரி. வீட்டில் தமிழ், பட்டறையில் பாதி மலையாளம், கூலி பேசும்போது எது வாய்க்கு வருகிறதோ அது. என் தாத்தாவும் அப்பாவும் பாலக்காட்டு அக்ரகாரங்களில் மச்சு என்கிற மரத்தளத்துக்கும் கூரைக்கும் வேலை செய்தவர்கள். எனக்கும் அந்த வேலைதான் கைவந்தது. ஆனால் சோறு போடுவது புது வீடுகளின் கதவும் ஜன்னலும் சமையலறை அலமாரியும்தான். மழைக்கு முந்தின கொஞ்ச நாள் மட்டும் பழைய கூரைகளில் ஏறுகிறேன். அங்கே நின்று பார்க்கும்போது தெரிகிற ஒரு விஷயம் கீழே தெருவில் நிற்கிற உங்களுக்குத் தெரிவதில்லையோ என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் வீடு வீடாகப் பார்க்கிறீர்கள். வீட்டுக்காரருக்குத் தன் கதவு எண். நகராட்சிக்கு ஒரு வரிச்சீட்டு என்றால் ஒரு கட்டடம். பாரம்பரியம் பேசுகிற அதிகாரிக்கு ஒரு முகப்பு, ஒரு திண்ணை. கூரைமேல் அந்தக் கணக்கு எதுவும் செல்லாது. தெருவின் ஒரு வரிசை என்பது முழுக்க ஒரே மரக் கட்டடம். அதில் பல குடும்பங்கள் குடியிருக்கின்றன, அவ்வளவுதான். இன்றைக்கு நாம் அடுக்குமாடிக் குடியிருப்பை மேலே மேலே ஏற்றிக் கட்டுகிறோம். அன்றைக்கு அதையே தெருவோடு படுக்கவைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். திண்ணை, ரேழி, கூடம், அதைத் தாண்டி அடுக்களை, கொல்லை என்று வீடு பின்னால் நீண்டுகொண்டே போகும்; அகலம் மட்டும் சுருக்கம். இரண்டு வீட்டுக்கு நடுவே இடைவெளி கிடையாது, பக்கச் சுவர் பொது. இந்தச் சுவர் பெரும்பாலும் வெட்டுக்கல்லோ செங்கல்லோ, சாந்து சுண்ணாம்பு. கூடத்துக்கு மேலே மச்சு. அதைத் தாங்குகிற உத்தரங்கள் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும். இந்த வீட்டு உத்தரம் சுவரின் பாதிக்கு இங்கிருந்து நுழைந்திருக்கும், அடுத்த வீட்டு உத்தரம் மறுபாதிக்கு அங்கிருந்து. பல இடங்களில் இரண்டு நுனிக்கும் நடுவே ஒரு கையகலச் சாந்துதான். கூரையும் அப்படியே. கூரையின் உச்சிமரமான மோட்டுவளை தெருவுக்கு இணையாக ஓடும். கழுக்கோல்கள் என்கிற சாய்வு மரங்கள் அதிலிருந்து முன்பக்கமாகவும் பின்பக்கமாகவும் இறங்கும். மழைத் தண்ணீர் ஒன்று தெருவில் விழும், இல்லை கொல்லையில் விழும். பக்கவாட்டில் ஒரு சொட்டு போக வழி இல்லை, போகவேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் பக்கத்து வீட்டுக் கூரையும் அதே சரிவில், அதே உயரத்தில் தொடர்கிறது.

இந்த ஏற்பாட்டின் அருமை மரத்தோடு பழகினவனுக்குத்தான் முழுசாகப் புரியும். பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறதே, அது மற்ற ஊர்களில் இல்லாத ஒரு பாடு மரத்துக்கு வைக்கும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடித்து மரத்தைச் சுருக்கும். மாசி பங்குனியில் வெயில். 41 டிகிரியைத் தாண்டின வருஷங்கள் இங்கே உண்டு. அப்புறம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, வந்து அதே மரத்தை ஊதவைக்கும். வருஷா வருஷம் சுருங்கியும் விரிந்தும் கொடுக்கிற மரத்தை ஆணி அடித்து இறுக்கினால் பிளந்துவிடும். அதனால் பழைய ஆசாரிகள் மரநுனியைக் கழுந்தாகச் செதுக்கித் துளையில் இறக்கி, மர ஆப்பு வைத்துப் பூட்டினார்கள். கொஞ்சம் அசைய இடம் கொடுத்தார்கள். வரிசை முழுக்க இப்படி அசைந்து கொடுக்கிறது. ஒரு வீட்டின் தள்ளலைப் பக்கத்து வீடு தாங்கிக்கொள்கிறது.

மச்சு வெறும் பலகைத் தட்டு என்று நினைப்பவர்கள் சித்திரையில் ஒரு மத்தியானம் கூடத்தில் படுத்துப் பார்க்கட்டும். ஓட்டின் சூடு மச்சோடு நின்றுவிடும், கீழே இறங்காது. தெருவாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் காற்று ஓடும்.

மரமும் எல்லாம் தேக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வாசல் நிலை, தூண், முகப்பு அழி என்கிற மரக்கம்பித் தடுப்பு, இதற்குத் தேக்கு. உத்தரத்துக்கு ஆஞ்சிலியும் பலாவும் நிறையக் கிடக்கிறது. கழுக்கோலுக்குப் பல வீடுகளில் பனை; சித்தூர்ப் பக்கத்தில் பனைக்குப் பஞ்சமா? வைரம் பாய்ந்த கிழட்டுப் பனையைப் பிளந்து போட்டால், நனையாத வரைக்கும் உளி கூட இறங்காது. ‘நனையாத வரைக்கும்’ என்பதைக் கவனியுங்கள். இந்த மடலில் நான் சொல்லவரும் தொல்லை முழுக்க அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஓர் அக்ரகாரம். பெயர் வேண்டாம். வரிசையின் நடுவில் ஒரு வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் இரண்டு மாடி எழுப்பினார்கள். முகப்பில் திண்ணை மாதிரி ஒன்று, அதற்கு மேலே சரிவாக ஒரு சின்னத் தளம், அதன்மேல் ஓடு ஒட்டியிருந்தது. தெருவில் நின்று பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் மாமி என்னைக் கூப்பிட்டது கூடத்துச் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று. புது வீட்டுச் சுவர் மேலே போய்விட்டது, பழைய ஓட்டுக்கூரை கீழே நிற்கிறது. இரண்டும் சேருகிற இடத்தில், அந்தப் புதுச்சுவரில் மோதின மழை முழுக்க வழிந்து ஓட்டுக்கு அடியில் போகிறது. சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். முதல் வெயிலில் மரம் சுருங்கியது, சிமெண்ட் சுருங்கவில்லை, விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்துவிட்டது. நான் மச்சில் ஏறி உத்தரத்தின் சுவரோர நுனியில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே எடுத்தபோது கூடவே கரையான் மண் உதிர்ந்தது. நடு உத்தரத்தைத் தட்டினால் ‘ணங்’ என்று கேட்கிறது. நுனி மட்டும் புட்டு. அந்த மரத்துக்கு நூறு வயசுக்கு மேல் இருக்கும். அதைத் தீர்க்க நாலைந்து மழைக்காலம் போதுமாக இருந்திருக்கிறது.

மாமி கேட்ட கேள்வி இது: “ஆசாரி, நான் எதையும் இடிக்கலையே, என் வீடு ஏன் விழறது?” அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இந்த மடலின் மேலே இருக்கும் விலாசத்தில் உள்ளவர்கள்.

மழை மட்டும் இல்லை, பாரமும் உண்டு. நாலங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ கனக்கும். மங்களூர் ஓடும், ஓடு உட்காருகிற பட்டியல் சட்டங்களும், கழுக்கோலும் சேர்ந்தால்கூட அதில் மூன்றில் ஒரு பங்கை எட்டாது. பொதுச் சுவரில் ஒருபக்கம் அந்தக் கனம் ஏறி, மறுபக்கம் பழைய உத்தரம் இருந்தால் சுவர் எந்தப் பக்கம் சாயும் என்று இன்ஜினியர் சொல்லித்தான் தெரியவேண்டுமா? புது வீட்டுக்குத் தனித் தூண் போட்டுக் கட்டினாலும், அஸ்திவாரத்துக்குச் சுவரை ஒட்டிக் குழி தோண்டும்போதே பழைய சுவரின் காலடி மண் சரிந்துவிடுகிறது. இன்னொன்று, சுண்ணாம்புச் சுவருக்கு மேலே சிமெண்ட் பூசி எனாமல் பெயின்ட் அடிப்பது. சுண்ணாம்பு ஈரத்தை இழுத்து வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டிவைக்கும். பூட்டின ஈரம் போய்ச்சேருகிற இடம் உத்தர நுனி. ‘நன்றாகப் பராமரிக்கிறோம்’ என்று நினைத்துச் செலவு பண்ணிக் கெடுத்த வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

அதிகாரிகளே, இப்போது உங்களிடம். கல்பாத்தியைப் பாரம்பரியக் கிராமம் என்று அறிவித்தீர்கள். நல்லது. அதோடு நின்றுவிட்டதுதான் பிரச்சினை. பாரம்பரியம் என்றால் முகப்பு என்ற எண்ணம் பரவிவிட்டது. முகப்பைக் காப்பாற்றி முதுகெலும்பை உடைக்க அனுமதித்தால் மிஞ்சுவது சினிமா செட்டு. அதே சமயம், ஒழுகுகிற கூரையில் உடைந்த ஓட்டையும் உளுத்த பட்டியலையும் மாற்றுவதற்கே தடையில்லாச் சான்று வேண்டுமோ என்று பயந்து தார்பாலின் விரித்துவைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். இடிக்கிறவனுக்கு வழி தெரிகிறது, பழுது பார்க்கிறவன் படியேறி அலைகிறான். இது தலைகீழ் இல்லையா?

உங்களுக்கு மரம் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். பத்மநாபபுரம் கொட்டாரத்தைப் பார்த்தவன் அப்படிச் சொல்லமுடியாது. தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிற அந்த அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா காலத்தில் பெரிதாக எடுத்துக் கட்டினது, 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனபிறகும் தாக்குப்பிடித்து நிற்கிறது. நான்கு நிலை உப்பரிகை மாளிகை, மைக்கா பதித்த ஜன்னல், கண்ணாடி மாதிரி மின்னுகிற கறுப்புத் தரை எல்லாம் இன்னும் இருக்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறியது. அங்கே உத்தரம் உளுத்தால் என்ன செய்கிறீர்கள்? நுனியை மட்டும் அறுத்து அதே ஜாதி மரத்தில் ஒட்டுப்போடத் தெரிந்த ஆள் வருகிறார். அந்த வித்தை உங்கள் துறையிலேயே இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி ஒரே நாளில்தான் கன்னியாகுமரி அந்தப் பக்கம் போனது, மலபார் மாவட்டத்தோடு பாலக்காடு இந்தப் பக்கம் வந்தது. எல்லை தாண்டி இருக்கும் ராஜா வீட்டு மரத்துக்குக் கிடைக்கிற கவனிப்பில் ஒரு பங்கு, எல்லைக்கு உள்ளே இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டு மரத்துக்கும் கிடைக்கட்டும். ராஜா குடும்பம் அங்கே இப்போது குடியிருக்கவில்லை. இங்கே ஆள் இருக்கிறார்கள், அவர்கள் தலைக்கு மேலேதான் அந்த மரம் கிடக்கிறது.

தெருவை ஒரே கட்டடமாகப் பார்ப்பது நான் கண்டுபிடித்த விசித்திரம் இல்லை. ஜப்பானில் கியோட்டோ மாதிரி ஊர்களில் மர வீடுகள் இப்படித்தான் வரிசையாகத் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒவ்வொரு வீடாகக் காப்பாற்றப் போய் முடியாமல், 1975இல் அவர்கள் சட்டத்தைத் திருத்தி வீட்டுத் தொகுதியை, தெருவை, ஒரே அலகாகப் பாதுகாக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பழுதுபார்க்கும் செலவில் அரசு பங்கு போடுகிறது. அவ்வளவு தூரம் போவானேன், அகமதாபாதைப் பாருங்கள். பழைய நகரத்தில் ‘போள்’ என்று சொல்கிற சந்துகளில் மர வீடுகள் பொதுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சுவருக்கு உள்ளேயே மரச்சட்டம் வைத்துக் கட்டியிருப்பார்கள். 2001 நிலநடுக்கத்தில் அந்த ஊரின் புதுக் கான்கிரீட் அடுக்குமாடிகள் பல சரிந்தன. மரச்சட்ட வீடுகள் பெரும்பாலும் குலுங்கி நின்றுவிட்டன. அங்கே மாநகராட்சியே பாரம்பரியத்துக்கென்று ஒரு தனிப்பிரிவை 1996இலேயே வைத்தது. 2017இல் அந்தப் பழைய நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. எனக்குப் பிடித்தது அவர்களுடைய இன்னொரு ஏற்பாடு. பழைய வீட்டைக் காப்பாற்றுகிறவர், தன் மனையில் கட்டாமல் விட்ட மாடிகளுக்கான உரிமையை, நகரத்தின் வேறு பகுதியில் கட்டுகிறவருக்கு விற்கலாம். வந்த பணத்தில் கூரையைப் பழுது பார்க்கலாம். ஒலவக்கோட்டிலும் புறவழிச்சாலைப் பக்கத்திலும் பெரிய பெரிய கட்டடமாக எழுப்புகிறார்களே, அவர்கள் பணத்தில் கொஞ்சம் இப்படி நம் தெருவுக்கு வரக்கூடாதா? சட்டம் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. அது உங்கள் உளி.

வீட்டுக்காரப் பெரியவர்களே, உங்களிடமும் ஒளிவுமறைவில்லாமல் பேசவேண்டும்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். எழுபது வயசில் அந்தச் செங்குத்தான மரப்படியில் யார் ஏறுவார்கள்? கொல்லைக் கடைசியில் இருக்கிற கழிப்பறைக்கு ராத்திரி யார் நடப்பார்கள்? கார் நிறுத்த இடமில்லை. நாலு பிள்ளைகள் நாலு ஊரில். வீடு எல்லோர் பெயரிலும் இருக்கும், செலவு என்று வந்தால் ஒருவர் பெயரிலும் இருக்காது. மியூசியத்தில் குடியிருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. குளியலறையை உள்ளே கொண்டுவாருங்கள், அடுக்களையை மாற்றுங்கள், படியின் சாய்வைத் தணித்துத் தருகிறேன். இரண்டாம் கட்டுக்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், பொதுச் சுவரையும் மோட்டுவளையையும் தொடாத வரைக்கும். இதெல்லாம் செய்து, உள்ளே ஏசி வரைக்கும் வைத்துக்கொண்டு பழைய கூரையோடேயே வசதியாக இருக்கும் குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

பூட்டிப்போட்ட வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. மர வீடு ஆள் இல்லாமல் இருந்தால் இரட்டை வேகத்தில் போகும். முன்பு அடுக்களைப் புகை மேலே ஏறி மரத்துக்குக் கரும்பூச்சு பூசும், பூச்சி அண்டாது. ஒரு ஓடு நகர்ந்தால் அன்றைக்கே கூடத்தில் சொட்டும், அன்றைக்கே ஆள் கூப்பிடுவார்கள். இப்போது மும்பையில் இருக்கிறவர் கல்பாத்தித் தேர்த்திருவிழாவுக்கு ஒருமுறை வந்து கதவைத் திறக்கும்போது, ஒரு ஓட்டில் தொடங்கினது ஒரு கழுக்கோல் வரை போயிருக்கும். அதோடு நிற்காது. கரையானுக்கு உங்கள் பத்திரத்தின் எல்லை தெரியாது. பூட்டின வீட்டில் குடியேறி ஆள் இருக்கிற வீட்டுக்குச் சாப்பிடப் போகும். வாடகைக்கு விட மனசில்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியாவது கொடுத்துவையுங்கள்.

தேரைப் பாருங்கள். ஐப்பசிக் கடைசியில் தேரை இறக்குவதற்கு முன்னால் அச்சு, சக்கரம், சட்டம் எல்லாம் தட்டிப் பார்க்கிறீர்கள். உளுத்த கட்டையை மாற்றாமல் சாமியை ஏற்றமாட்டீர்கள். யானை முட்டித் தள்ளுகிற வேகத்துக்கு அந்த மரம் தாங்கவேண்டும் என்று தெரியும். பணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது, ஊர்க்காரர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அனுப்புகிறார்கள். 2024இல் பாலக்காட்டு இடைத்தேர்தல் தேதியையே தேருக்காக நவம்பர் 13இலிருந்து 20க்கு மாற்றினார்கள், அவ்வளவு செல்வாக்கு இந்தத் தேருக்கு. அந்தத் தேர் போகிற தெருவின் மரத்துக்கும் அதே மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் போதும். கிராம சமூகம் ஒரு நிதி வைத்து, வரிசைக்கு ஒரு ஆசாரி என்று ஏற்பாடு பண்ணினால், மேடத்தில், அதாவது சித்திரையில், ஏறி ஒவ்வொரு கூரையையும் பார்த்துவிட முடியும். தனித்தனியாகக் கூப்பிட்டால் ஆகிற செலவில் பாதிதான் ஆகும். சாரம் ஒருமுறை கட்டினால் பத்து வீட்டுக்கு நகர்த்தலாம்.

மரம் கிடைக்காது என்று சொல்வார்கள். பழைய மரம் கிடைக்கிறது, ஆனால் வெளியே போகிறது. இடிக்கிற வீட்டின் தூண், நிலை, அழி எல்லாவற்றையும் மொத்தமாக விலைபேசி லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற வியாபாரிகள் இருக்கிறார்கள். எங்கேயோ ஒரு ரிசார்ட் வாசலில் உங்கள் பாட்டி சாய்ந்து உட்கார்ந்த தூண் நிற்கும். இடிக்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்ட வீட்டு மரத்துக்கு அதே தெருவில் இருக்கிற மற்ற வீடுகளின் பழுதுக்கு முதல் உரிமை என்று ஒரு விதி போட்டாலே எனக்குப் பாதி வேலை சுலபம். ஓட்டுக்கும் அப்படித்தான். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிகள் 1865இல் தொடங்கின ஓட்டுத் தொழில் இந்தப் பக்கமெல்லாம் பரவி, பாலக்காட்டிலேயே அவர்களுக்கு ஆலை இருந்தது. அந்த முத்திரை போட்ட ஓட்டைத் தட்டிப் பாருங்கள், இப்போது வருகிற ஓட்டைவிட நன்றாகச் சத்தம் கொடுக்கும். நூறு சதுர அடிக்குச் சுமார் 150 ஓடு வேண்டும். அதை இடித்த வீட்டுக் கொல்லையில் குவித்து வைத்து உடையவிடுகிறோம்.

இந்தத் தெருவின் பெருமையைப் பற்றிப் பலகை எழுதும்போது இன்னொன்றையும் எழுதவேண்டும் என்பது என் விருப்பம். விசுவநாதர் கோயில் 1425 வாக்கில் எழுந்தது, காசியில் பாதி கல்பாத்தி, பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம், எல்லாம் எழுதுங்கள். 1924இல் பொதுத்தெருக்கள் எல்லோருக்கும் உரியவை என்று சென்னை சட்டமன்றம் தீர்மானம் செய்தபிறகும், அதே வருஷம் நவம்பர் தேர்த்திருவிழாவின்போது இந்தத் தெருவில் நடக்க வந்த, தீண்டாமைக்கு ஆளாகியிருந்த ஈழவர்கள் அடித்துத் துரத்தப்பட்டார்கள். அதன்பிறகு பலர் இந்து சீர்திருத்த இயக்கமான ஆரிய சமாஜத்தில் சேர்ந்து அந்த உரிமையைக் கேட்டார்கள். அதையும் எழுதுங்கள். என் தாத்தா உளிப்பெட்டியோடு கொல்லைப்பக்கமாகத்தான் உள்ளே போவார். மச்சில் ஏறலாம், திண்ணையில் உட்காரக்கூடாது. என்னை இப்போது கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காபி கொடுக்கிறார்கள். இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கட்டடம் உங்களுக்கு மட்டும் பாரம்பரியம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்தக் கழுந்துகளைச் செதுக்கின குடும்பங்கள் இன்னும் கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் இருக்கின்றன, எங்களுக்கும் அதில் பாத்தியதை உண்டு. அடித்துத் துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் உண்டு. எல்லோருடைய வரிப்பணமும் இந்தத் தெருவுக்கு வரவேண்டும் என்று கேட்கும்போது எல்லோருடைய கதையும் அதில் இருப்பதுதான் நியாயம்.

ஆசாரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. என் பையன் தச்சு வேலைக்கு வரவில்லை, கோயம்புத்தூரில் அலுமினிய ஜன்னல் போடுகிறான். நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு கழுந்து செதுக்கினால் கிடைக்கிற கூலியைவிட அது அதிகம். அவனைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கூரை ஒட்டுவேலை தெரிந்தவர்களை எண்ணிப் பார்த்தால் எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. ஐ.டி.ஐ.யில் தச்சுப் பிரிவு நடத்துகிறீர்களே, வருஷத்துக்கு நாலு பிள்ளைகளை அக்ரகாரத்துக் கூரைகளில் எங்களோடு வேலைக்கு விடுங்கள், உதவித்தொகை கொடுங்கள். பள்ளிக்கூடம் கட்டவேண்டாம், கூரைதான் பள்ளிக்கூடம்.

கரண்டைப் பற்றியும் பயம் இருக்கிறது. மச்சுக்கு மேலே பழைய துணி சுற்றின ஒயர் பட்டியலோடு ஓடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், எலி கடித்துச் செம்பு தெரியும். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஒட்டி ஒட்டி நின்ற கடைகளில் 2007இலும் 2017இலும் தீ எப்படிப் பரவியது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரே கூரை என்றால் தீக்கும் ஒரே கூரைதான். பழைய ஒயரை மாற்றுவதற்கு மானியம் கொடுத்தால் அது பாரம்பரியச் செலவு ஆகாதா? முகப்புக்கு விளக்குப் போடுகிற காசில் முதலில் இதைச் செய்யலாம்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஒரு வரிசையை ஒரு கட்டடம் என்று ஏட்டில் எழுதுங்கள். யார் இடிக்க மனுப் போட்டாலும், இரண்டு பக்கத்து வீட்டு உத்தர நுனிகளையும் ஒரு ஆள் ஏறிப் பார்த்து எழுதிக்கொடுத்த பிறகு முடிவு சொல்லுங்கள். பொதுச் சுவரும் மோட்டுவளையும் தெருவின் சொத்து, உள்ளே மற்றதெல்லாம் வீட்டுக்காரர் இஷ்டம் என்று தெளிவாக்கிவிட்டால் பாதி வழக்கு குறையும். இன்றைக்குப் பாரம்பரியம் என்றாலே சண்டைக்கு வருகிற வீட்டுக்காரர்களும் இறங்கி வருவார்கள் என்பது அவர்களோடு பேசிப் பார்த்த என் அனுபவம்.

சட்டத் திருத்தம், மானியம், பயிற்சி எல்லாம் மெதுவாக வரட்டும். ஒன்றுக்கு மட்டும் அவசரம். உடைந்த ஓடு, உளுத்த பட்டியல், கழுக்கோல், உத்தர நுனி, இவற்றை அதே பொருளில், அதே அளவில் மாற்றுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டால் போதும் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை விடுங்கள். இடவப்பாதிக்கு முன்னால் வந்தால் இந்த வருஷமே பல கூரைகளில் ஏறிவிடலாம். எந்தெந்த வீட்டில் தார்பாலின் கிடக்கிறது என்று பார்க்க அதிகாரிகள் யாராவது வருவதானால் நான் கூட வருகிறேன், ஏணி கொண்டுவருகிறேன். காலையில் சீக்கிரம் வாருங்கள். பத்து மணிக்கு மேல் ஓட்டில் கால் வைக்க முடியாது.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மர ஆசாரி ஒருவன்